வெயில் பதித்த எழுத்துகள்

கீபோர்ட்டைக் கவிழ்த்துத் தட்டும்போது கொட்டுகிற பாண் ரொட்டித் தூளையும் முடியையும் பார்த்து முகம் சுளிக்கிறவர்கள் இந்த மேசைக்குச் சரிவரமாட்டார்கள். இப்போதே சொல்லிவிடுகிறேன். பிறகு ராத்தா சொல்லவில்லை என்று என் தலையில் போடக்கூடாது. அக்காவை ராத்தா என்பதும் அண்ணனை நாநா என்பதும் எங்கள் ஆட்களின் வழக்கம். இந்தக் கடையில் என்னைவிட மூத்தவர்களுக்கும் நான் ராத்தாதான்.

புதிதாக வந்திருக்கிற உங்களுக்கு இரண்டு வார்த்தை சொல்லச் சொல்லி முதலாளி ஹாஜியாரின் மகன் கேட்டார். எனக்கு அறிவுரை வராது, ஏச்சுத்தான் வரும். அதனால் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். காதில் செருகியிருக்கிற வயரைக் கழற்றிவிட்டுக் கேளுங்கள்.

புத்தளம் டவுனில் ஹாஜியாரின் கடைக்குப் பின்பக்கத்து இந்த நீட்டு மேசையில்தான் என் உத்தியோகம் முழுக்கக் கழிந்தது. வெளிநாட்டு ஒபீஸ்களில் பாவித்துக் கழித்த கீபோர்ட்டுகள் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். கழுவுவதையும் பழுது பார்ப்பதையும் யாராவது உங்களுக்குக் காட்டித் தருவார்கள். நான் சொல்ல வந்தது தரம் பிரிப்பதைப் பற்றி. கம்பனிப் பெயரைப் பார்த்து நாங்கள் பிரிப்பதில்லை. விசையில் எழுத்து எப்படிப் பதிந்திருக்கிறது என்று பார்த்துத்தான் பிரிப்போம். இது உப்புக்காற்று அடிக்கிற கரை. உப்பளத்து ஒபீஸிலும் இறால் பண்ணையிலும் வேலை செய்கிறவர்களின் விரல் எப்போதும் பிசுபிசுத்துத்தான் இருக்கும். எழுத்து வெறுமனே மேலே ஒட்டிக்கொண்டிருந்தால் அங்கே நிற்காது.

முத்திரை குத்துவது மாதிரி மேலே மை அடித்தது ஒரு வகை. அதற்கு நாங்கள் வைத்த பெயர் மேல்மை. நகத்தால் வருடினால் மெல்லத் தட்டுப்படும். லேசரால் சுட்டதும் உண்டு, சரித்துப் பிடித்தால் சுட்ட இடம் கருகித் தெரியும். சாயத்தைச் சூட்டோடு பிளாஸ்டிக்குக்குள் இறக்கினால் விரலுக்கு ஒன்றுமே தெரியாது, ஆனால் உரசி அழிக்கவும் ஏலாது. எல்லாவற்றுக்கும் மேலே இரட்டை வார்ப்பு. அதில் மை என்ற பேச்சே இல்லை. எழுத்தையே தனியாகக் கறுப்புப் பிளாஸ்டிக்கில் வார்த்து, அதைச் சுற்றி விசையின் மூடியை வேறு நிறத்தில் வார்த்துவிடுவார்கள்.

வந்த புதிதில், உடைந்த இரட்டை வார்ப்பு மூடி ஒன்றை அரத்தில் வைத்துத் தேய்த்துப் பார்த்தேன். தேய்க்கத் தேய்க்க எழுத்து வந்துகொண்டே இருந்தது. பாதி மூடி தூளாகப் போன பிறகும் அந்த A அசையாமல் அங்கேயே இருந்தது. சுப்ஹானல்லாஹ் என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். பக்கத்தில் இருந்த பௌசர் நாநா, பிளாஸ்டிக்குக்கெல்லாமா தஸ்பீஹ் ஓதுகிறீர்கள் என்று சிரித்தார். அவர் சிரித்துவிட்டுப் போகட்டும். யாரோ ஒருத்தர் எங்கோ உட்கார்ந்துகொண்டு, இந்த எழுத்து ஒருபோதும் அழியக்கூடாது என்று யோசித்திருக்கிறார். அதை நினைக்கும்போது எனக்கு இன்றைக்கும் மெய் சிலிர்க்கிறது.

பிரித்த பிறகுதான் கழுவுவது. மேல்மை என்றால் சவர்க்காரத் தண்ணீர் மட்டும். மற்றதெல்லாம் ஸ்பிரிட்டில் ஊறி, பிரஷ்ஷில் தேய்பட்டு வரும். பௌசர் நாநாவின் கை மேசையிலேயே வேகமான கை. மூடியின் எழுத்தை ஸ்பிரிட் பஞ்சால் ஒரு இழுப்பு இழுப்பார், அடுத்த நிமிஷம் அது எந்தத் தட்டுக்குப் போக வேண்டுமோ அங்கே போய்விடும்.

அப்படிச் சாமான் இறங்கிக்கொண்டிருந்த ஒரு நாள் காலையில், தலவிலயிலிருந்து ரீட்டா என்ற பெண் வந்தார். துவாயில் சுற்றி ஒரு பழைய கீபோர்ட் கொண்டுவந்திருந்தார். சில விசைகள் இறுகிவிட்டன, கழுவித் தாருங்கள், கடைத்தெருவுக்குப் போய்விட்டு வருகிறேன் என்றார். கீபோர்ட்டின் வயர் ஒட்ட நறுக்கப்பட்டிருந்தது. கம்பியூட்டரில் மாட்ட முடியாத கீபோர்ட்டை எதற்குக் கழுவுகிறீர்கள் என்று பௌசர் நாநா விளையாட்டாகக் கேட்டார். அந்தப் பெண் சிரித்துவிட்டு, அது தேவை என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். நாங்களும் விட்டுவிட்டோம். வயர் இல்லாத கீபோர்ட்டை ஒருத்தர் பஸ் ஏறிக் கொண்டுவந்து கழுவித் தரச் சொன்னால், கதிரையைப் போட்டு உட்காரவைத்து ஏனென்று கேட்க வேண்டும். வேலை எவ்வளவு குவிந்திருந்தாலும் நீங்கள் கேளுங்கள்.

நான் முன்பக்கம் மூட்டை எண்ணி இறக்கிவிட்டுத் திரும்பி வந்தபோது பௌசர் நாநா வடிதட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.  பௌசர் நாநா வாயை மூடிக்கொண்டு நின்றால் ஏதோ பெரிசாக நடந்துவிட்டது என்று அர்த்தம்.

எட்டிப் பார்த்தேன். அது மூன்று மொழிக் கீபோர்ட். ஒவ்வொரு மூடியிலும் இங்கிலீஷ், சிங்களம், தமிழ் மூன்றும் இருந்திருக்கின்றன. பௌசர் நாநா பஞ்சால் இழுத்துப் பார்த்தது இங்கிலீஷ் எழுத்தை மட்டும். அது அசல் இரட்டை வார்ப்பு. உடனே மூடிகள் எல்லாம் ஸ்பிரிட்டுக்குள் போய்விட்டன. ஆனால் தமிழும் சிங்களமும் அந்தக் கீபோர்ட் பிறந்த இடத்தில் அடித்தவை அல்ல. நாட்டுக்கு வந்த பிறகு யாரோ மேலே அடித்த மேல்மை. இங்கிலீஷ் அப்படியே நிற்கிறது, மற்ற இரண்டு மொழியும் கழுவின ஸ்பிரிட்டோடு போய்விட்டன. அந்த இடத்தில் எங்களில் யார் இருந்திருந்தாலும் அதையேதான் செய்திருப்போம். ஒரு மூடிக்கு ஒரு அச்சு என்றுதான் எங்கள் எல்லாருடைய கையும் பழகியிருந்தது. இனிமேல் நீங்கள் ஒரு மூடியில் எத்தனை எழுத்து இருக்கிறதோ அத்தனையையும் தொட்டுப் பார்க்க வேண்டும்.

ரீட்டா அக்கா கை நிறையப் பைகளோடு திரும்பி வந்தார். பௌசர் நாநா மறைக்கவில்லை, நேரே சொல்லித் தட்டைக் காட்டினார். ரீட்டா அக்கா சத்தம் போடவில்லை. பைகளைக் கீழே வைத்துவிட்டுக் கதிரையில் உட்கார்ந்தார். பிறகுதான் கதை வந்தது.

"தம்பி, இது எங்கட வீட்டுக்காரர்ட வாய்" என்றார்.

அவருடைய கணவர் செபஸ்தியான் மீன்பிடிச் சங்கமொன்றில் கிளார்க்காக இருந்தவர். மூளையில் இரத்தம் அடைத்து விழுந்து பிழைத்தார். புத்தியில் ஒரு குறையும் இல்லை, ஆனால் பேச்சு போய்விட்டது. உடம்பில் சொன்னபடி கேட்பது இடது கையின் ஒரு விரல் மட்டும். சங்கத்தில் இந்தக் கீபோர்ட்டைக் கழித்தபோது கூட வேலை செய்தவர்கள் அவரிடமே கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்கள். அவர் அதை மடியில் வைத்துக்கொண்டு எழுத்து எழுத்தாக அமுக்குவார். பக்கத்தில் இருக்கிற மனைவியோ மகளோ விரல் போகிற விசையைப் பார்த்து வாசித்துச் சொல்வார்கள். வயர் எதற்கு? போன் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள், கண்ணாடியில் விரல் வழுக்கிவிடுகிறது. மட்டையில் வரிசையாக அ, ஆ எழுதிக் கொடுத்தும் பார்த்திருக்கிறார்கள். ஒவ்வொரு எழுத்தையும் தேடித் தேடிக் களைத்துப்போய் அதைத் தள்ளிவிட்டாராம். இந்தக் கீபோர்ட்டில் அந்த அந்த எழுத்து அந்த அந்த இடத்தில் இருந்தால்தான் அவருடைய விரல் நம்பிப் போகும்.

மறுநாள் பகல் மகள் மெலனியைப் பெண் பார்க்கச் சிலாபம் பக்கமிருந்து ஆட்கள் வருகிறார்கள். செபஸ்தியான் விழுந்த நாளிலிருந்து வருகிற சனம் எல்லாம் அவருக்கு முன்னாலேயே இருந்துகொண்டு, அவர் என்ன சொல்கிறார் என்று மனைவியிடம் கேட்கிறதாம். சொந்தத் தம்பிகூட அப்படித்தான். அதனால் அவர் முந்தைய நாள் பிடிவாதமாக அமுக்கிச் சொல்லியிருக்கிறார், அவர்கள் வந்தால் நான்தான் கதைப்பேன் என்று. அதற்காகத்தான் அந்த மனுஷி இறுகின விசைகளைச் சரிசெய்ய இவ்வளவு தூரம் வந்திருக்கிறார். இருந்த வாயையும் நாங்கள் கழுவிவிட்டோம்.

இப்படியான நேரத்தில் கை முதலில் ஓடும், மூளை பின்னால்தான் வரும். பௌசர் நாநா ஸ்டிக்கர் எடுக்க ஓடினார். எங்களிடம் இருந்த தமிழ் ஸ்டிக்கரில் எழுத்து வரிசை வேறு. போனில் படம் தேடினோம். அதிலும் இரண்டு மூன்று வரிசைகள் வந்தன, எதுவும் பொருந்தவில்லை. ரீட்டா அக்காவுக்கு எந்த எழுத்து எந்த விசையில் என்று மனப்பாடம் இல்லை, பார்த்து வாசித்துத்தான் பழக்கம். ஆனாலும் ஒவ்வொரு படத்திலும் ஏதோ ஒன்றைத் தொட்டு, இது இங்கே இல்லை என்று தலையாட்டினார். செபஸ்தியானிடமே ஒரு போன் கோல் எடுத்துக் கேட்போமே என்று பௌசர் நாநா ஆரம்பித்து, அவருக்குப் பேச்சு இல்லை என்பது ஞாபகம் வந்து பாதியில் நிறுத்திக்கொண்டார். நாநாவின் முகத்தைப் பார்க்க எனக்கு ஏலவில்லை.

பகல் ளுஹர் தொழுதுவிட்டு ஹாஜியார் வந்தார். எல்லாவற்றையும் கேட்டார். அவர் பௌசர் நாநாவை ஏசவே இல்லை. ஏசியிருந்தால் ஏச்சோடு நேரம்தான் போயிருக்கும். எதையாவது ஒட்டிக் கொடுத்தனுப்புவோம் என்று ஒருத்தர் சொன்னபோது, தெரியாத எழுத்தைப் போட்டுக் கொடுப்பது வெறும் மூடியைக் கொடுப்பதைவிட மோசம் என்று சொல்லிவிட்டார். பிறகு ரீட்டா அக்காவின் பக்கம் திரும்பினார்.

"தங்கச்சி, பிழை எங்கட. சரியாக்கித் தருவம் எண்டு வாக்குக் குடுக்க எனக்கு ஏலா. ஆனா நாளைக்குக் காலைல எங்கட ஆள் உங்கட வீட்டுக்கு வரும். வெறுங்கையோட எண்டாலும் வரும்."

இத்தனை வருஷத்தில் நான் கேட்ட வாக்குகளில் இதைவிட நேர்மையான வாக்கு இல்லை. பயத்தில் இருக்கிறபோது நமக்கு உடனே ஓம் என்று சொல்லிவிடத் தோன்றும். எது நம் கையில் இருக்கிறதோ அதை மட்டும் ஹாஜியார் கொடுத்தார். ரீட்டா அக்கா அழுதிருந்தாலாவது எங்களுக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும். தலையை மட்டும் ஆட்டிவிட்டு, கீபோர்ட்டை எங்களிடமே விட்டுவிட்டு பஸ்ஸுக்குப் போனார்.

மூடிகளைக் காயவைக்கலாம் என்று தட்டை வாசலுக்கு எடுத்துக்கொண்டு போனேன். ஒரு மூடியை எடுத்து ஏதோ ஞாபகத்தில் வெளிச்சத்துக்குச் சரித்தேன். பால் நிறமாக இருந்த பிளாஸ்டிக் பழசாகி மஞ்சளித்துப் போயிருந்தது. அந்த மஞ்சளுக்குள் ஒரு மூலையில் கொஞ்சம் வெளுப்பு. அழுக்காக இருக்கும் என்று துடைத்தேன், போகவில்லை. அடுத்த மூடியை எடுத்தேன், அதிலும் அதே மூலையில் வெளுப்பு, ஆனால் வேறு வடிவம். 

கல்லாவில் கள்ள நோட்டுப் பார்க்கிற நீல டோர்ச் இருந்தது. அதைக் கேட்டு வாங்கினேன். ஷட்டரை இறக்குங்கள் என்றேன். பகல் வியாபாரத்தில் ஷட்டரை இறக்கச் சொன்னால் வேறு முதலாளி என்றால் அடிக்க வருவார். ஹாஜியார் ஒன்றும் கேட்காமல் தன் கையாலேயே இழுத்துவிட்டார். அந்த இருட்டில் தட்டின் மேல் டோர்ச்சை அடித்தேன்.

யா அல்லாஹ், அதை நான் எப்படிச் சொல்வேன்! தட்டு முழுக்க எழுத்து. க, ப, ல, ன எல்லாம் அந்த அந்த மூடியில் அந்த அந்த மூலையில் வெள்ளையாக எழும்பி நின்றன. சிங்கள எழுத்துகளும் பக்கத்திலேயே நின்றன. மையே இல்லாத எழுத்து. நாங்கள் தட்டைச் சுற்றி நெருங்கி நின்றோம். பௌசர் நாநா தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார், அவர் அழுதது எல்லாருக்கும் தெரியும்.

ரீட்டா அக்கா பேச்சுவாக்கில் சொல்லியிருந்தார், கணவர் கீபோர்ட்டோடு நாள் முழுக்கக் கடல் பக்கத்து யன்னலோரம்தான் உட்கார்ந்திருப்பார் என்று. அந்த வெயில் இத்தனை வருஷமாக மூடியை மஞ்சளாக்கியிருக்கிறது. மை இருந்த இடத்தில் மட்டும் வெயில் படவில்லை, அந்த இடம் பழைய நிறத்திலேயே தங்கிவிட்டது. அவர் அங்கே உட்கார்ந்து பேசிய ஒவ்வொரு நாளும் வெயில் அந்த எழுத்தைச் சுற்றித் தானும் எழுதிக்கொண்டிருந்திருக்கிறது. நான்கு வகை அச்சு என்று இவ்வளவு காலமாகப் பெருமையடித்துக்கொண்டிருந்த எங்களுக்கு, யாருமே அடிக்காத ஒரு அச்சைப் படைத்த ரப்பு காட்டினான். அந்த நேரம் எனக்கு எல்லாவற்றையும் விட்டுவிட்டு நெற்றியைத் தரையில் வைத்து ஸுஜூதில் விழ வேண்டும் போல இருந்தது.

கையால் என்ன செய்ய வேண்டும் என்று அதற்குப் பிறகு யாருக்கும் சந்தேகமில்லை. கவராயத்து ஊசியால் அந்த வெளுப்பின் ஓரத்தைக் கீறினோம். பக்கத்து பேன்சிக் கடையில் கறுப்பு நகப்பூச்சு வாங்கிக் கீறலில் நிரப்பி, காய முன் மேலே துடைத்தோம். கீறலுக்குள் போனது மட்டும் நின்றது. பொழுது சாய்ந்து மஃரிபுக்குப் பாங்கு சொல்லும்போது பாதிதான் முடிந்திருந்தது. மீதியை மறுநாள் விடியச் சுபஹு தொழுத கையோடு வந்து முடித்தோம். சிங்களத்துக்கு நேரம் போதவில்லை, அதைப் பிறகு செய்து கொடுத்தோம்.

ஒரேயொரு மூடியில் மட்டும் தமிழ் மூலை டோர்ச்சிலும் வெறுமையாகவே இருந்தது. அந்த மை எப்போதோ தேய்ந்து போயிருக்கிறது, அதனால் வெயிலும் அதைக் காத்து வைக்கவில்லை. மிச்சமாக என்ன எழுத்து வரும் என்று பௌசர் நாநா ஊகித்துச் சொன்னார். ஊகித்துக் கீற நான் விடவில்லை. வெறும் மூடியாகவே மாட்டினேன். தெரியாத இடத்தைத் தெரியாத இடமாகவே விடுவதற்கும் ஒரு துணிச்சல் வேண்டும்.

ஹாஜியார் தன் வேனிலேயே என்னை அனுப்பினார். தலவிலயில் அவர்கள் வீட்டில் கேக் வெட்டி, முற்றம் கூட்டி, எல்லாம் தயாராக இருந்தது. செபஸ்தியான் வெள்ளைச் சேர்ட் போட்டு யன்னலோரக் கதிரையில் இருந்தார். கீபோர்ட்டை மடியில் வைத்தேன். என்ன நடந்தது என்று சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு விரலால் ஒரு எழுத்தைத் தடவினார், கீறல் தட்டுப்பட்டது. அடுத்ததையும் தடவினார். அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது.

ஒரு மூடி தெரியவில்லை, அதை மட்டும் நீங்கள்தான் சொல்ல வேண்டும் என்றேன். அவர் உடனே அந்த வெறும் மூடியில் விரலை வைத்து அமுக்கினார். அதோடு நிற்காமல் இன்னும் சில விசைகளை அமுக்கினார். மெலனி குனிந்து பார்த்தாள். அது அவளுடைய பெயர். தேய்ந்து போனது 'ம'. அவர் நாளெல்லாம் மகளைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தேய்ந்த எழுத்து அது. அந்த 'ம'வை நான் அங்கேயே உட்கார்ந்து கீறினேன். ஆட்கள் வருகிற அவசரத்தில் கீறியதால் அது கொஞ்சம் கோணல்தான்.

வேலை முடிந்தது, போகிறேன் என்று எழும்பினேன். ரீட்டா அக்கா விடவில்லை. மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கினார்கள். பிளேன் டீ வந்தது, கேக் வந்தது, ஊர்க்கதை வந்தது. மாப்பிள்ளையின் தகப்பன் நல்ல மனுஷன்தான், ஆனால் எல்லாச் சனமும் செய்கிறதையே அவரும் செய்தார். செபஸ்தியானுக்கு நேரே எதிரில் இருந்துகொண்டு ரீட்டா அக்காவிடம் கேட்டார்.

"அவருக்கு இதில விருப்பமா?"

 ரீட்டா அக்கா கணவரின் மடியைப் பார்த்தார். அந்த விரல் எழும்பியது. மெலனி பக்கத்தில் முழந்தாளிட்டு, வழக்கம் போல எழுத்து எழுத்தாக வாசிக்கத் தொடங்கினாள். அறையில் கோப்பைச் சத்தமும் அடங்கியது. முதலில் என் கோணல் 'ம'. பிறகு மற்ற எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்தன. அவள் தன் பாட்டில் வாசித்துக்கொண்டே போய், பாதியில் நிறுத்தினாள். அவளுக்கு விளங்கிவிட்டது. தாய் வாசித்து உதவுவார் என்று பார்த்தாள், ரீட்டா அக்கா அசையவில்லை. விரல் மீதியையும் அமுக்கி முடித்துவிட்டு அவளுக்காகக் காத்துக்கொண்டிருந்தது. கடைசியில் அவளே முழுதாகச் சொல்ல வேண்டி வந்தது.

"மகளிட்டக் கேளுங்க."

 மாப்பிள்ளையின் தகப்பன் எழும்பித் தன் கதிரையைத் தூக்கி செபஸ்தியானுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். மன்னித்துக்கொள்ளுங்கள் என்று அவருடைய முகத்தைப் பார்த்தே சொன்னார். அதன் பிறகுதான் மெலனியிடம் கேட்டார், மகளே உனக்கு எப்படி என்று.

அவள் எழும்பி நின்று, மாப்பிள்ளைப் பையனை ஒருமுறை பார்த்துவிட்டு, தனக்கு விருப்பம் என்று சொன்னாள். குரல் சின்னதாக இருந்தாலும் எல்லாருக்கும் கேட்டது. சொல்லிவிட்டு வெட்கத்தில் முகத்தை மூடிக்கொண்டாள்.

விரல் மறுபடியும் எழும்பியது. மகள் பார்க்கிற நிலையில் இல்லை. ரீட்டா அக்கா குனிந்து வாசித்தார்.

"அப்ப எனக்கும்."